பெயின்ட் அடித்த பிறகு சீலிங் ஃபேன் ஆடுகிறது

போன வாரம் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நாங்களே பெயின்ட் அடித்தோம். இரண்டு அறை ஃபேன் இறக்கைகளையும் கழற்றித் துடைத்து மாட்டியது என் மச்சான். அன்றிலிருந்து ஹால் ஃபேன் ரெகுலேட்டரை 3-க்கு மேல் வைத்தால் ஒரே ஆட்டம். மேல் கிண்ணத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் வேறு. அதன் கீழே யாரும் உட்காருவதே இல்லை.

1200 மி.மீ., மூன்று இறக்கை, ஆறு வருடப் பழசு. முன்பு ஆடியதே இல்லை.

ஸ்க்ரூ எல்லாம் இறுக்கியாச்சு. கொக்கி, ரப்பர், போல்ட் சரியாக இருக்கின்றன. இறக்கை நுனியிலிருந்து கூரைக்கு அளந்தால் ஒன்று மட்டும் 8 மி.மீ. தாழ்வு. லேசாக வளைக்கப் போனேன், “இருக்கிறதையும் கெடுக்காதே”ன்னு அம்மா தடுத்துவிட்டார். ஒரு இறக்கைமேல் நாணயம் ஒட்டியதில் ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை.

படுக்கையறை ஃபேனும் அதே மாடல்தான், அதுவும் இப்போது லேசாக ஆடுகிறது. இறக்கைகள் எடை பொருத்தி செட்டாகத்தானே வரும்? இரண்டு செட்டும் கலந்துவிட்டது என்பது என் சந்தேகம். மச்சான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான்.

ஆறு இறக்கைகளையும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை மட்டும் வைத்துப் பழைய செட்டாகப் பிரிக்க முடியுமா?