புதுப்பிப்பு: தேங்காய் எண்ணெய் பர்பன் ஓல்ட் ஃபேஷன்ட், கலங்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஓல்ட் ஃபேஷன்ட் (விஸ்கி, சர்க்கரைப் பாகு, பிட்டர்ஸ் கலந்த காக்டெய்ல்) செய்ய, 375 மில்லி பர்பனில் (அமெரிக்க விஸ்கி வகை) 30 மில்லி தேங்காய் எண்ணெய் ஊறவைத்து, உறையவிட்டு, வடிகட்டியும் ஐஸ் பட்டதுமே பானம் கலங்கி, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது.

பலித்தது, 'வடிகட்டி முடியும்வரை குளிர் குறையக் கூடாது' என்ற யோசனை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். வெளியே வைத்து நிதானமாக வடித்ததில், உறைந்த துகள்கள் உருகி காபி ஃபில்டர் தாள் வழியே இறங்கியிருக்கின்றன.

இம்முறை வாயகன்ற ஜாடியில் 4 மணி நேரம் அறை வெப்பத்தில் ஊறல், அவ்வப்போது ஒரு குலுக்கு. பிறகு ஓர் இரவு ஃப்ரீசர். மேலே கட்டிய எண்ணெய்த் தட்டில் துளையிட்டு விஸ்கியை ஊற்றி, முன்பே குளிர்வித்த புனலில் தாளை நனைத்துப் போட்டு, ஃப்ரீசருக்குள்ளேயே இரண்டு முறை வடித்தேன். மெதுவாகத்தான் சொட்டும், தாளைப் பிழியாதீர்கள், கொழுப்பும் சேர்ந்து வந்துவிடும். ஐஸ் போட்ட பிறகும் தெளிவாகவே இருக்கிறது.

எதிர்பாராதது இரண்டு. சுத்திகரித்த எண்ணெயில் வழவழப்பு மட்டுமே வந்தது, மணத்துக்குச் செக்கு எண்ணெய்தான். (தலைக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெய் வேண்டவே வேண்டாம்.) விஸ்கியின் காரம் மட்டுப்பட்டதால் சர்க்கரைப் பாகு 10 மில்லி திகட்டியது.

இப்போதைய அளவு: விஸ்கி 60 மில்லி, பாகு 5 மில்லி, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (மூலிகை, மசாலா ஊறிய கசப்புச் சாறு) 2 டேஷ் (பாட்டிலை இரண்டு முறை உதறினால் விழும் அளவு), ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று.