சமன்பாட்டின் இரு பக்கத்தையும் வர்க்கித்ததால் மேலும் ஒன்றாக வந்து சேரும், சரிவராத விடைக்கு (extraneous solution) தமிழில் என்ன பெயர்?

> 'வந்தேறித் தீர்வு' என்று வைத்துவிடலாமே. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதானே! பிள்ளைகளுக்கும் சட்டென்று மனதில் நிற்கும்.

வேண்டாம் சேர். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய தோட்டத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள்தான் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களிடம் "இது வந்தேறி, வெட்டிவிடு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதை விட்டாலும் கணக்கே இடிக்கிறது. ஓர் எண்ணுடன் 6ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வரவேண்டும். இரு பக்கமும் வர்க்கித்தால் 3, −2 என்று இரண்டு விடை. 3 சரி. −2ஐ இட்டால் 4இன் வர்க்கமூலம் 2தான், −2 இல்லை. ஆனால் வர்க்கமூலத்துக்கு முன் மறைக்குறி (−) போட்ட சமன்பாட்டுக்கு −2 அசல் தீர்வு. வர்க்கித்ததும் அந்தச் சமன்பாடும் நம்முடையதும் ஒன்றாகிவிடுகின்றன. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த காம்பராவுக்கு வந்த கடிதம் நம் வாசலில் கிடப்பது மாதிரி.

திரிகோணகணிதத்தில் இன்னும் மோசம். சைனையும் கோசைனையும் கூட்டினால் 1 வரும் கோணங்களை (0 முதல், 360க்குக் குறைய) கேட்டு, பிள்ளை வர்க்கித்தால் 0, 90, 180, 270 பாகை என நான்கும் வரும். பின்னிரண்டில் கூட்டுத்தொகை −1. இட்டுப் பார்க்காமல் நான்கையும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

'போலித் தீர்வு'ம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கோ கூட்டல் பிழைத்துவிட்டது என்று தேடத் தொடங்குவார்கள். படிகளில் பிழையே இல்லை. 'மிகைத் தீர்வு' என்போமா?

> சரி தம்பி, வந்தேறியை விட்டுவிடுவோம், நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஆனால் செவ்வக நிலக் கணக்கில் வரும் மறை நீளமும் மிகைத் தீர்வா? ஏன், 'மேலதிகத் தீர்வு' ஆகாதா?

மேலதிகம் என்றதும் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்புதான் ஞாபகம் வரும் சேர், ஏதோ கூடுதல் நன்மை என்று நினைப்பார்கள்.

நிலக் கணக்கு வேறு. நீளம் அகலத்தைவிட 5 மீற்றர் கூட, பரப்பு 84 சதுர மீற்றர் என்றால் அகலம் 7 அல்லது −12. இந்த −12 சமன்பாட்டில் இட்டாலும் சரிவரும், நிலத்துக்குத்தான் சரிவராது. அதைப் 'பொருந்தாத் தீர்வு' என்று தனியே வைப்போம்.

இன்னொன்று, 'வர்க்கமிகை' என்று யாரும் குறுக்கிவிட வேண்டாம். மடக்கைகளை (log) கூட்டி ஒன்றாக்கும்போதும் மிகைத் தீர்வு வரும், அங்கே வர்க்கிப்பே கிடையாது.