‘தகவமை வெப்ப வசதி’: தகவமைவது கட்டடமா, ஆளா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சூழலுக்கேற்ப மாறிக்கொண்டு, சூடும் குளிரும் உறுத்தாதிருக்கும் நிலையைக் குறிக்கும் ‘அடாப்டிவ் தெர்மல் கம்ஃபர்ட்’ (adaptive thermal comfort) என்னும் கட்டடவியல் சொல்லுக்குத் தமிழாக இவ்விழையில் முன்வைக்கப்பட்ட ‘தகவமை வெப்ப வசதி’ என்னும் சொல்லை ஏற்பதில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது ‘வசதி’. வசதியான வீடு என்றால் பணமுள்ள வீடு என்றோ, அறையும் குழாயும் குறைவின்றி அமைந்த வீடு என்றோதான் பொருள்படும். உடல் சூட்டையும் குளிரையும் பொருட்படுத்தாதிருக்கும் நிலையை நாம் ‘இதமாக இருக்கிறது’ என்றே சொல்கிறோம். இதம் வடசொல் என்று மறுப்போர் இருக்கலாம். பேச்சில் உயிரோடிருக்கும் சொல்லை விட்டு ‘உவப்பு’ என்று எழுதினால் அதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும்.

‘வெப்பநிலை இதம்’ என்ற திருத்தமும் பொருந்தாது. ஒருவருக்கு எது இதம் என்று கணிக்க 1970இல் டென்மார்க் ஆய்வாளர் ஃபேங்கர் வகுத்த கணக்கில் காற்றின் வெப்பநிலை ஆறு கூறுகளுள் ஒன்றுதான். சுற்றியுள்ள பரப்புகளின் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம், உடலுழைப்பு, உடை ஆகியவை மற்றவை. பகல் முழுதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரையின் கீழ் இரவில் படுத்திருப்பவருக்கு, அறையின் வெப்பமானி 29 பாகையே (டிகிரி செல்சியஸ்) காட்டினாலும், நெற்றியிலும் மார்பிலும் அனல் இறங்குவது தெரியும். ஆகவே ‘வெப்ப இதம்’ போதும்.

இரண்டாவது தடையே பெரிது. காலநிலை மாற்றத்தை எண்ணிக் கூரைக்கு வெள்ளை பூசுவதும் சன்னலுக்கு வெளியே நிழல்தடுப்பு அமைப்பதும் கட்டடத்தின் தகவமைப்பு. ஆனால் 1998இல் ஆய்வாளர்கள் டி டியரும் பிரேகரும் முன்வைத்த வெப்ப இத மாதிரியில் தகவமைபவர் உள்ளே இருக்கும் ஆள்: சன்னலைத் திறக்கிறார், கழுத்துப் பொத்தானைக் கழற்றுகிறார், விசிறியைக் கூட்டுகிறார், சில நாள் வெயிலுக்குப் பின் அவருடைய எதிர்பார்ப்பே மாறிவிடுகிறது. அதை ஒட்டி, அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் (ASHRAE) வெப்ப இதத்துக்கான 55ஆம் தரநிலை, இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களுக்கென 2004இல் ஏற்ற சூத்திரப்படி, வெளியே சராசரி வெப்பநிலை 20 பாகையாயின் இதமான உள்வெப்பநிலை ஏறத்தாழ 24, வெளியே 30 ஆயின் 27. அதாவது வெளியே ஏறும் 10 பாகையில் ஆள் ஈடுகட்டுவது 3 மட்டுமே. எஞ்சியதைக் கூரையும் சுவரும் நிழலும்தான் தாங்க வேண்டும். இரண்டையும் ‘தகவமை’ என்ற ஒரே சொல்லால் குறித்தால், எந்தச் சுமை யாருடையது என்பது வாக்கியத்திலேயே மறைந்துபோகும்.

எனவே கட்டடத்துக்குத் ‘தகவமைப்பு’, ஆளுக்குப் ‘பழகு வெப்ப இதம்’ எனப் பிரிக்கப் பரிந்துரைக்கிறேன். ‘வெயிலுக்கு உடம்பு பழகிவிட்டது’ என்பது எவருக்கும் விளங்கும்.

‘பழகு’ என்பது பொறுத்துக்கொள்வதாகத் தொனிக்கிறது, சன்னலைத் திறக்கும் கை அதில் தெரியவில்லை என்று யாரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன். பழகுவது, செயல்படுவது இரண்டையும் தாங்கும் வினைச்சொல் கிடைத்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.