“இந்தப் பேப்பர் ஆரிட்டப் போகும்?”

கனடாவில, ஸ்காபரோவில எங்கட சனத்தின்ர சீனி வருத்தம் பற்றின ஒரு ஆராய்ச்சிக்கு மொழிபெயர்க்கப் போனனான். நடத்தினவையின்ர பெயர் வேண்டாம்.

முதல் நாள் முதியோர் ஒன்றுகூடலுக்குச் சம்மதப் பத்திரத்தோட போனம். முன்வரிசையில ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும். பேனையைத் திறந்து, பெயர் எழுதுற கோட்டில முனையை வைச்சா. பிறகு மூடியைத் திரும்பப் போட்டுட்டு என்னைப் பாத்தா. “பிள்ளை, இந்தப் பேப்பர் ஆரிட்டப் போகும்?” ஊரில பதிவெண்டு பெயர், விலாசம் குடுத்துப் பயந்து வாழ்ந்த ஆள் அவ. பக்கத்தில இருந்தவையும் பேனையை வைச்சிட்டினம். அண்டைக்கு ஒரு கையெழுத்தும் கிடைக்கேல்லை.

ஆராய்ச்சியாளர் அதை ‘ஆர்வமில்லை’ எண்டு குறிச்சார். எனக்குக் கோபம் வந்திட்டுது. ஆர்வமில்லாட்டி அவ ஏன் பேனையைத் திறந்தவ? திரும்பி வரேக்க காருக்குள்ள எல்லாத்தையும் சொன்னன். நல்ல மனுசன், பொறுமையாக் கேட்டார். கனடாவின்ர ஆராய்ச்சி நெறிமுறைப்படி கையெழுத்துத்தான் வேணும் எண்டில்லை. வாயால சொல்லுற சம்மதத்தை முறையாப் பதிஞ்சாலும் செல்லும். அதுக்கு நெறிமுறைக் குழுவின்ர அனுமதி வர இரண்டு மாதம் எடுத்தது.

அந்த இரண்டு மாதத்தில கேள்விக்கொத்தை அதே அம்மாக்களிட்டக் குடுத்துப் பாத்தம். பாண் எத்தினை துண்டு, பாஸ்தா எத்தினை கப் எண்டு கிடந்தது. “நான் இரவில இடியப்பமெல்லோ, அதை எந்தக் கப்பில அளக்கிறது?” எண்டா அண்டைக்குப் பேனையை மூடின அம்மா. அடுத்த கிழமை தானே அவிச்சுக் கொண்டுவந்தா. ஒவ்வொண்டாத் தராசில வைச்சு நிறுத்துப் பாத்தம், பிறகு புட்டையும். ‘எத்தினை இடியப்பம்’ எண்டு கேள்வி மாறிச்சு. ‘நீரிழிவு’க்குப் பக்கத்தில ‘சீனி வருத்தம்’ வந்தது.

ஆராய்ச்சி முடிஞ்சாப் பிறகு முடிவுகளை ஆளாளாக் கூப்பிட்டுத் தமிழில சொன்னம். “நான் மெலிஞ்ச ஆள், எனக்கென்ன?” எண்ட ஐயாவின்ர பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு நிறை எவ்வளவு எண்டு பாக்கிற அளவு, 24. ஆசிய ஆக்களுக்கு 23 இலயே கவனம் வேணும் எண்டு உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு 2004 இலயே சொல்லியிருக்கு. அதைக் கேட்டாப் பிறகு மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இதை வாசிச்சிட்டு லண்டனிலிருந்து ஒரு தம்பி எழுதினது:
அக்கா, மூண்டு வருசத்துக்கு முதல் எங்கட கோயில் மண்டபத்தில இரத்தம் எடுத்துக்கொண்டு போனவை. ஒரு வரி முடிவும் வரேல்லை. ‘என்ர இரத்தம் என்னடா ஆச்சு?’ எண்டு அம்மா இப்பவும் கேக்கிறா. இனி ஆர் வந்தாலும் குடுக்கமாட்டாவாம்.

தம்பி, அம்மாவிட்டக் குடுத்த தகவல் தாள் கிடக்குதோ எண்டு தேடிப் பாருங்கோ. விசாரிக்கிற இலக்கம் வழக்கமா அதில இருக்கும். அவவைப் பக்கத்தில இருத்திக்கொண்டு கோல் எடுங்கோ, அவவே கேக்கட்டும்.