புதுப்பிப்பு: குழு நேர்காணல் முடிந்தது

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் முன், எங்கள் கல்லூரிக் குழு பரிந்துரைக் கடிதத்துக்காக நடத்தும் நேர்காணலுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தேன். இன்று முடிந்தது.

"ஏன் மருத்துவம்?" என்பதோடு விடவில்லை, "செவிலியர் பணி ஏன் இல்லை?" என்றும் கேட்டார்கள். நான் தொண்டு செய்யும் முதியோர் இல்லத்தில், பக்கவாதம் வந்த பாட்டிக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். விழுங்குவது ஏன் தடுமாறுகிறது, புரை ஏறினால் நுரையீரல் என்னவாகும் என்று தேடிப் படித்ததைச் சொன்னேன். அந்தக் காரணத்தைக் கண்டறியும் பொறுப்பே எனக்கு வேண்டும் என்றேன்.

ஆம்காஸ் (AMCAS) என்ற, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் எழுதும் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் (15 வரை எழுதலாம்) ஒரு நிகழ்வை நினைவில் வைக்கச் சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. மனப்பாடப் பதில்களைவிட அதுதான் கைகொடுத்தது.

அடுத்து, அதே விண்ணப்பத்துக்கு, ஏன் மருத்துவம் என்று 5,300 எழுத்துகளுக்குள் சொல்லும் கட்டுரை. வரைவைப் படித்துக் கருத்துச் சொல்ல யாருக்காவது நேரம் இருக்குமா?