நகராட்சிப் பதிவறையில் நீங்கள் கண்டது என்ன? – அனுபவப் பகிர்வு

வாய்க்கால்மேடு

பெரியப்பாவின் இறப்புச் சான்று நகலுக்காக எங்கள் நகராட்சிக்குப் போயிருந்தேன். பதிவறைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று மின்சாரம் இல்லை, எழுத்தர் தனியாக இருந்தார், டார்ச் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அப்படி உள்ளே போனேன்.

கழிவுக்கு ஒதுக்கிய கட்டுகள் மூலையில் கிடந்தன. அவற்றில் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தது வெறும் துணி அல்ல, துணியில் ஒட்டிய நகர வரைபடம். ஒரு முனையை விரித்தார். இன்றைய பஸ் நிலையம் இருக்கும் இடத்தில் குளம். நீல வண்ணம் தீட்டி, வாய்க்கால் எந்தத் தெரு வழியாக உள்ளே வருகிறது, உபரி நீர் எந்த மதகில் வெளியேறுகிறது, படித்துறை எந்தப் பக்கம் என்பது வரை கையால் வரைந்திருந்தார்கள். ஐப்பசி பிறந்தால் அந்தப் பஸ் நிலையத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதற்கான விடை அந்த ஒரு தாளில் இருந்தது. கட்டின் மேல் சிவப்பு மையில் 'ப.மு.'

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "எழுதிக் கொடுங்கள் சார், நானாக அனுமதிக்க முடியாது" என்றார். எழுதிக் கொடுத்தேன். அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. நீல வண்ணம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பழைய எழுத்தர்

நகராட்சிப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். எழுத்தர்களைக் குறை சொல்லும் முன் அந்த இரண்டு எழுத்துகளைப் புரிந்துகொள்ளுங்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். கோப்பை முடிக்கும் அன்றே அதன் ஆயுளை எழுதிவிடுகிறோம். குளத்தைத் தூர்த்த வேலை முடிந்து, பில் பாஸாகி, தணிக்கையும் முடிந்தால் அலுவலகத்துக்கு அது முடிந்துபோன வேலைக் கோப்பு. உள்ளே இருக்கும் வரைபடத்துக்குத் தனி ஆயுள் எழுதும் வழக்கம் நான் பார்த்த அலுவலகங்களில் இல்லை.

நான் கண்டது: துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருப்பு கேட்டுக் கொடுத்த மனு. அடியில் வரிசை வரிசையாகப் பெருவிரல் ரேகைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வேறொருவர் எழுதிய பெயர். மன்றத் தீர்மானப் புத்தகத்தில் அதற்கு ஒன்றரை வரி: 'மனு பரிசீலிக்கப்பட்டது. நிதியின்மையால் ஒத்திவைக்கப்படுகிறது.' புத்தகம் நி.மு., ஆகவே இருக்கிறது. மனு போய்விட்டது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 'பழைய வரைபடம்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். முதலில் தீர்மானப் புத்தகத்தில் குளம் பற்றிய தீர்மானத்தின் எண்ணையும் நாளையும் பிடியுங்கள். அந்த எண்ணை வைத்துக் கோப்பின் ந.க. எண் (அலுவலகம் அந்தக் கோப்புக்குக் கொடுத்த எண்) கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் மட்டும் கேட்காமல், ஆவணத்தை நேரில் பார்வையிடவும் கேளுங்கள். அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அழித்துவிட்டோம் என்றால் அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். நகர அளவைப் பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். இவை எதுவும் கிடைக்காவிட்டால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நகராட்சிகளைப் பற்றிய அந்தக் கால அரசாணைகளும் ஆண்டறிக்கைகளும் அங்கே தொகுதி தொகுதியாக இருக்கின்றன. கோவை, சேலம், கும்பகோணம் போல 1866இல் நகராட்சியான ஊர் என்றால் உங்களுக்கு நல்வாய்ப்பு அதிகம். அப்புறம், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஸ்கேன் ஆனதும் மூலத்தைக் கழிவுக்குத் தள்ளும் அவசரத்தைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மஞ்சள்நீர்

ஐயா, எழுத்தரை இங்கே யாரும் குறை சொல்லவில்லையே. எழும்பூருக்குப் போங்கள் என்று சொல்வதும் எளிது. சென்னைக்கு அனுப்பப்பட்டது ஊரைப் பற்றிய அறிக்கை. ஊர் பேசியது ஊரில் இருந்த தாள்களில்தான். நீங்கள் சொன்ன பெருவிரல் ரேகைகள் எழும்பூரில் கிடைக்குமா?

நான் பார்த்தது இறப்புப் பதிவேடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்குப் பகுதியைப் பிளேக் உலுக்கியது. கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே தெரு. காரணம் என்ற கட்டத்தில் முதல் வரியில் மட்டும் 'பிளேக்', அதற்குக் கீழே பக்கம் முடியும் வரை 'மேற்படி', 'மேற்படி'. அந்தத் தெருவில் இன்றும் மாசியில் பொங்கல் வைக்கிறார்கள். எதற்காகத் தொடங்கியது என்று கேட்டால் பெரியவர்களுக்கே தெரியவில்லை.

இதை நகலாக வாங்கவும் முடியாது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, தரப்படும் நகலில் இறப்பின் காரணத்தைக் காட்டக்கூடாது. அண்மையில் இறந்தவர்களுக்கு அது நியாயம். நூறாண்டுக்கு முந்தைய கொள்ளைநோய்க்கும் அதே கதவையா சாத்துவது?

வெள்ளைவாரி

புதுச்சேரியில் இருந்து எழுதுகிறேன். இங்கே கதை வேறு. 1880இல் பிரெஞ்சு இந்தியாவில் நகரசபைகள் வந்தன. அடுத்த ஆண்டு, 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்பவர்கள் அதைப் பதிவு செய்து, ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. என் கொள்ளுத் தாத்தா அப்படிப் பதிந்த பக்கத்தைப் பார்த்தேன். முழுப் பக்கமும் பிரெஞ்சு. அடியில் அவர் தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார், விட்டுவந்த பழைய பெயரில். கொள்ளுப் பாட்டிக்கு ஒரு சிலுவைக் குறி.

கடற்கரையோர மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் கால நகரசபைக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்தபோது ஊரே அழுதது. பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். ஏடுகளுக்காக அப்படி அழுத கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

பழைய எழுத்தர் ஐயா, அரசு ஆவணங்களைப் பாதுகாக்கச் சொல்லும் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசுக்கும் எங்களைப் போன்ற ஒன்றியப் பிரதேசங்களுக்கும்தான். உங்கள் நகராட்சிகளை அது தொடாது. தனி எழுத்தரைப் பற்றிப் பேசுவதைவிட அதைப் பற்றிப் பேசலாம்.

சுண்டிக்குளி மகள்

யாழ்ப்பாணம். நான் சொல்லப்போவது சோலைவரிப் பதிவு, உங்கள் ஊர்ச் சொத்துவரி போன்றது. 1995 இடப்பெயர்வில் வீட்டு உறுதிப் பத்திரம் தொலைந்தது. திரும்பி வந்தபோது வளவின் எல்லையே தெரியவில்லை. அம்மாவின் பெட்டியில் அப்பப்பா கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டு ஒன்று கிடைத்தது. வீட்டிலக்கம், ஒழுங்கையின் பழைய பெயர், அவருடைய பெயர். அம்மா அந்தத் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அயல்வீட்டு இலக்கங்களை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினார். பாதி வீடுகள் அப்போது நிலத்தில் இல்லை.

1981இல் எரிந்த யாழ். பொது நூலகமும் மாநகர சபையின் உடைமைதான். 97,000 நூல்களும் சுவடிகளும் என்று எல்லோரும் எண்ணிக்கை சொல்கிறார்கள். அம்மா அந்த எண்ணிக்கையைச் சொல்வதே இல்லை. வாசிப்பு மேசையில் தான் வழக்கமாக இருந்த இடத்தை மட்டும் சொல்வார். வாய்க்கால்மேடு அண்ணை, வரைபடம் இன்னும் எரியவில்லை என்றால் விடாதீர்கள்.

வாய்க்கால்மேடு

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி தீர்மானப் புத்தகத்தைப் பார்வையிட அனுமதி கேட்டுவிட்டேன், அழிப்புப் பதிவேட்டின் நகலையும் சேர்த்து. அந்தக் கட்டு கழிவுக்குப் போகும் முன் வரைபடத்தை மட்டும் பிரித்து நிரந்தர வகையில் வைக்கக் கோரி, நகர்மன்றத் தலைவருக்கும் ஆணையருக்கும் தனித்தனி மனு கொடுத்திருக்கிறேன். எங்கள் வார்டு உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் அதைப் பொருளாக வைப்பதாகச் சொல்கிறார். மஞ்சள்நீர், உங்கள் தெருப் பெரியவர்களிடம் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா?