புதுப்பிப்பு: அம்மாவோடு செஞ்சிக் கோட்டை போய் வந்தாச்சு

முழங்கால் வலியுள்ள அம்மாவைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போகலாமா என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருந்தேனே, போய் வந்துவிட்டோம். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அம்மா மலை ஏறவில்லை. அடிவாரத்துக் கல்யாண மகாலும் களஞ்சியமுமே அவருக்கு மனநிறைவு. தோட்டப்புறத்தில் (எஸ்டேட்டில்) பாட்டி சொன்ன, செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையை அங்கேயே எனக்குச் சொன்னார்.

அப்புறம் நான் மட்டும் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரி ஏறினேன். சுமார் 800 அடி, செங்குத்தான படிகள். உச்சிக்கு முன் ஆழமான பாறைப் பிளவு, கடக்க ஒரு சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே போக முடியாது! முகலாயர் முற்றுகை 1690 முதல் 1698 வரை ஏன் இழுத்தது என்று அங்கே நின்றால்தான் புரிகிறது.

போகிறவர்கள் வெயிலுக்கு முன் காலையிலேயே ஏறிவிடுங்கள். குரங்குகள் அதிகம், தண்ணீர் போத்தலைப் பைக்குள் வையுங்கள்.